ஆஸ்கர் மிஷோவின் ‘விதின் அவர் கேட்ஸ்’ (1920): ஓர் ஊமைப்படம் கருப்பின மக்களை எப்படிக் காட்டியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன படம்? இதை ஏன் பார்க்க வேண்டும்?

கருப்பின அமெரிக்கர் ஒருவர் எழுதித் தயாரித்து இயக்கிய முழுநீளப் படங்களில் இன்று நம் கைக்கு மிஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது இதுதான். 1920 ஜனவரியில் சிகாகோவில் வெளியானது. நாயகி கருப்பினப் பள்ளி ஆசிரியை. அவளைச் சுற்றி மருத்துவர், பாதிரியார், துப்பறிவாளர், சூதாடி, பிறர் நிலத்தில் விளைச்சல் பங்குக்கு (வாரத்துக்கு) உழும் விவசாயி, எஜமானிடம் கோள் சொல்லும் வேலைக்காரன் என்று ஒரு சமூகமே நடமாடுகிறது. அன்றைய பெரிய கம்பெனிப் படங்களில் கருப்பினப் பாத்திரம் என்றால் சமையல்காரி, கோமாளி, இல்லையென்றால் காமுகன். பல சமயம் அந்த வேடத்தைக்கூட வெள்ளை நடிகர்தான் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடிப்பார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தானாகப் புரியும்.

இதுதான் கருப்பினத்தவர் எடுத்த முதல் படமா?

இல்லை. இந்தத் தவறு அடிக்கடி அச்சில் வருகிறது. சிகாகோவில் வில்லியம் ஃபாஸ்டர் 1910களிலேயே குறும்படங்கள் எடுத்தார். 1916இல் ஜான்சன் சகோதரர்கள் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனியைத் தொடங்கினார்கள். மிஷோவுக்கே இது இரண்டாவது படம். முதல் படமான ‘தி ஹோம்ஸ்டெடர்’ 1919இல் வெளிவந்து, பின்னர் தொலைந்துபோனது. ஆகவே ‘எஞ்சியிருப்பதில் முதலாவது’ என்று எழுதுங்கள்.

கதை சுருக்கமாக?

சில்வியா லாண்ட்ரி தெற்கிலிருந்து வந்து வடக்கில் தன் உறவுக்காரி ஆல்மா வீட்டில் தங்கியிருக்கிறாள். சில்வியாவுக்கு நிச்சயம் செய்யப்பட்ட கான்ராட் மீது ஆல்மாவுக்கு ஆசை. ஒரு வெள்ளைக்காரருடன் சில்வியா இருப்பதைக் கான்ராட் பார்க்கும்படி அவள் ஏற்பாடு செய்கிறாள். ஆத்திரத்தில் சில்வியாவின் கழுத்தை நெரித்துவிட்டு அவன் போய்விடுகிறான். சில்வியா தெற்கே ஒரு கிராமப் பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்புகிறாள். அங்கே ஒரு கருப்பினக் குழந்தையின் படிப்புக்கு மாநில அரசு ஆண்டுக்குக் கொடுப்பது 1.49 டாலர். பள்ளியை மூடாமல் காக்க 5,000 டாலர் வேண்டும். பணம் திரட்ட பாஸ்டன் போகிறாள். அங்கே டாக்டர் விவியனைச் சந்திக்கிறாள். ஒரு குழந்தையைக் காப்பாற்றப் பாய்ந்து காரில் அடிபடுகிறாள். காரின் சொந்தக்காரி மிசஸ் வார்விக் பணக்காரர், தர்ம சிந்தனை உள்ளவர். கடைசியில் 50,000 டாலரே தருகிறார்.

இதோடு படம் முடிந்தது என்று நினைக்கும்போதுதான் ஆல்மா விவியனிடம் சில்வியாவின் பழைய கதையைச் சொல்கிறாள். படத்தின் உயிர் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சில்வியாவை எடுத்து வளர்த்தவர் ஜாஸ்பர் லாண்ட்ரி, கிர்டில்ஸ்டோன் என்ற நிலக்கிழாரிடம் வாரத்துக்கு உழுபவர். சில்வியா படித்தவளாதலால் வீட்டுக் கணக்கை எழுதி வைக்கிறாள். அந்தக் கணக்கோடு ஜாஸ்பர் நிலக்கிழாரிடம் போகிறார். வாக்குவாதம் நடக்கிறது. அந்த நேரத்தில் கிர்டில்ஸ்டோனால் அவமானப்பட்ட ஓர் ஏழை வெள்ளைக் குடியானவன் ஜன்னல் வழியே அவரைச் சுட்டுவிடுகிறான். பழி ஜாஸ்பர் தலையில் விழுகிறது. கும்பல் திரண்டு ஜாஸ்பரையும் மனைவியையும் கொல்கிறது. அதே நேரத்தில் நிலக்கிழாரின் தம்பி ஆர்மண்ட் வீட்டுக்குள் சில்வியாவைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். அவள் மார்பிலுள்ள தழும்பைப் பார்த்ததும் தன் சொந்த மகள் என்று தெரிந்து நின்றுவிடுகிறான்.

முதல் முறை பார்ப்பவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள்?

முதல் இருபது நிமிடத்தில். ஆல்மா, கான்ராட், ஆல்மாவின் மாற்றாந்தாய் வழி அண்ணன் லாரி, துப்பறிவாளர் ஜென்ட்ரி என்று பாத்திரங்கள் வேகமாக வந்து போகின்றன. யார் யாருக்கு என்ன உறவு என்று நிற்பதற்குள் காட்சி மாறிவிடும். மேலே சொன்ன கதையைப் படித்துவிட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. இந்தப் படத்தின் வலு திருப்பங்களில் இல்லை, காட்சிகளை அடுக்கியிருக்கும் விதத்தில் இருக்கிறது. இன்னொன்று, நடுவில் ஒரு பகுதி தொலைந்துபோய்விட்டது. அந்த இடத்தில் நடந்ததை ஒரே ஓர் எழுத்து அட்டை (ஊமைப்படத்தில் காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்துத் திரை) சுருக்கிச் சொல்லும். அதைத் தவறவிட்டால் கான்ராட் ஏன் திடீரென்று காணாமல் போனான் என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

மிஷோ யார்? படம் எடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது?

1884இல் இல்லினாய் மாநிலத்தின் மெட்ரோபோலிஸ் ஊரில் பிறந்தவர். புல்மன் ரயில் பெட்டிகளில் பயணிகளுக்கு ஏவல் செய்யும் போர்ட்டராக இருந்தார். சேர்த்த காசில் தெற்கு டக்கோட்டாவில் நிலம் வாங்கி, சுற்றிலும் வெள்ளையர் மட்டுமே இருந்த பகுதியில் விவசாயம் செய்தார். பயிர் கைவிட்டதும் நாவல் எழுதி, தானே அச்சிட்டு, வீடு வீடாக விற்றார்.

லிங்கன் கம்பெனி அவருடைய நாவலைப் படமாக்கக் கேட்டது. நானே இயக்குவேன் என்றார் மிஷோ. பேச்சு முறிந்தது. உடனே சொந்தக் கம்பெனி தொடங்கி, தன் புத்தகத்தை வாங்கிய அயோவாப் பக்கத்து விவசாயிகளிடமே பங்குகளை விற்றார். வாங்கியவர்களில் வெள்ளையர் பலர். அதன் பிறகு அவர் கையாண்ட முறை இது: எடுத்து முடித்த படத்தின் பிரதியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கருப்பினத்தவர் வரும் தியேட்டர்களின் மேலாளர்களிடம் அடுத்த படத்தின் புகைப்படங்களைக் காட்டி முன்பணம் வாங்குவார். அந்தப் பணத்தில் அடுத்த படம். தெரிந்தவர்களின் வீடுகளை இரவல் வாங்கிப் படம்பிடிப்பார். ஒரு ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுக்க ஃபிலிம் கட்டுப்படியாகாது. இந்தப் படத்தில் அங்கங்கே தெரியும் தட்டையான ஒளியும், சற்றுத் தடுமாறும் நடிப்பும் இந்த வரவுசெலவின் விளைவு. 1948 வரை இப்படியே நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1951இல் காலமானார்.

ஒரு சமூகம் திரையில் எப்படி வருகிறது என்று பேசும்போது நடிகர்களைத் தலை எண்ணுவது போதாது என்பதற்கு மிஷோவைவிட நல்ல சான்று கிடையாது. லிங்கன் கம்பெனியும் கருப்பினத்தவருடையதுதான். அவர்களிடம்கூடத் தன் கதையை அவர் ஒப்படைக்கவில்லை. என்ன எடுப்பது, எதை வெட்டுவது, எங்கே காட்டுவது என்ற மூன்றையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். கும்பல் கொலையை இந்த அளவுக்குத் திரையில் காட்ட முடிந்ததற்கு அதுவே காரணம்.

இது கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்துக்குப் பதிலா?

அப்படித்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். அதற்கான ஆதாரம் படத்தொகுப்பிலேயே இருக்கிறது. 1915இல் வந்த டி.டபிள்யூ. கிரிஃபித்தின் படம், வெள்ளை இனவெறி அமைப்பான கு குளக்ஸ் கிளானை வீரர்களாகக் காட்டியது. அதே ஆண்டு ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டனில் அந்த அமைப்புக்குப் புத்துயிர் கொடுக்கப்பட்டது. அந்தப் படத்தின் உச்சம், கேமரா ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறி மாறித் தாவும் உத்தி. ஒரு பக்கம் ஆபத்தில் வெள்ளைப் பெண், மறுபக்கம் அவளைக் காப்பாற்றக் குதிரையில் பறந்து வரும் கிளான். தாவல் வேகமெடுக்க எடுக்க, அவர்கள் சீக்கிரம் வந்து சேர மாட்டார்களா என்று பார்ப்பவரின் மனமே அவர்களுக்காகத் துடிக்கும்படி செய்துவிடுவார் கிரிஃபித்.

மிஷோ அதே கருவியை எடுத்து அதன் உள்ளே இருப்பதை மாற்றிவிட்டார். ஒரு பக்கம் ஜாஸ்பர் தம்பதியின் கழுத்தில் கயிறு விழுகிறது, பக்கத்தில் நெருப்பு மூட்டுகிறார்கள். மறுபக்கம் ஓர் அறைக்குள் வெள்ளை ஆண் கருப்பினப் பெண்ணைத் துரத்துகிறான், அவள் மேசையைச் சுற்றி ஓடுகிறாள். நெருப்பு, அறை, மறுபடி நெருப்பு, மறுபடி அறை. குதிரையில் யாரும் வரவில்லை. காப்பாற்ற ஆள் வருவார்கள் என்று கிரிஃபித் பழக்கிய எதிர்பார்ப்பு இங்கே ஏமாற்றப்படுகிறது. குதிரை ஒன்று வரத்தான் செய்கிறது. சுடப்பட்டதுபோல விழுந்து கிடந்து, கும்பல் அசந்த நேரத்தில் ஜாஸ்பரின் மகன், சிறுவன் எமில், ஏறித் தப்பும் குதிரை அது.

‘வெள்ளைப் பெண்களைக் காக்கத்தான் கும்பல் தண்டனை தருகிறது’ என்பது அன்று தெற்கில் சொல்லப்பட்ட சாக்கு. இந்த இரண்டு காட்சிகளையும் பின்னியதன் மூலம் அந்தச் சாக்கை மிஷோ தலைகீழாகத் திருப்பிவிடுகிறார். அவர் காட்டும் கொலைக்குக் காரணம் பெண்ணே இல்லை. ஓர் உழவர் எழுதப்பட்ட கணக்கோடு வந்து நின்றதுதான் தொடக்கம்.

நாளிதழ் காட்சியைப் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

கும்பல் கொலைக்கு நடுவே, உள்ளூர்ப் பத்திரிகை கொலையை எப்படி எழுதியது என்பதை மிஷோ காட்சியாகவே நடித்துக் காட்டுகிறார். அதில் ஜாஸ்பர் குடித்துவிட்டு வந்து ஒரு நல்ல மனிதரைச் சுட்டுக் கொல்கிறார். சற்று முன்புதான் உண்மையில் நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அதே அறை, அதே ஆட்கள், வேறு கதை. 1920இல் ஒரு படம் பொய்யைப் பொய் என்றே காட்சிப்படுத்தி, பார்வையாளரை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. ஜாஸ்பர் மீது கோள் சொன்ன, நிலக்கிழாரின் வேலைக்காரன் எஃப்ரமின் சாவை அதே பத்திரிகை, யாரென்று தெரியாதவர்கள் கையால் நேர்ந்த விபத்து என்று எழுதுகிறது. கொன்றவர்கள் பட்டப்பகலில் கூடியவர்கள். கும்பலில் பெண்களும் சிறுவர்களும்கூட இருப்பதைப் படம் காட்டுகிறது.

கருப்பினப் பாத்திரங்கள் எல்லோரும் நல்லவர்களா?

இல்லை. இந்தப் படத்தின் துணிச்சலே அதில்தான். லாரி சூதாடி, கொலைகாரன், ஏழைக் கருப்பின மக்களிடமே ஏமாற்று வியாபாரம் செய்பவன். ஆல்மா தன் உறவுக்காரியையே வஞ்சிக்கிறாள். கான்ராட் கழுத்தை நெரிக்கிறான்.

பாதிரியார் ஓல்டு நெட்டின் காட்சியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். படிப்பும் ஓட்டும் நமக்கு வேண்டாம், சொர்க்கம் நமக்குத்தான் என்று தன் சபைக்குப் பிரசங்கம் செய்பவர் அவர். வெள்ளைக் கனவான்களின் அறைக்குப் போய்ப் பல்லைக் காட்டி நிற்கிறார். அவர்கள் கேலி செய்கிறார்கள். ஒருவன் பின்பக்கத்தில் உதைக்கிறான். அதற்கும் சிரித்துக்கொண்டே வெளியே வந்து கதவைச் சாத்துகிறார். அந்தக் கணத்தில் சிரிப்பு முகத்திலிருந்து கழன்று விழுகிறது. கேமரா அவர் முகத்தருகே நிற்கிறது. ஒரு கவளம் உணவுக்காகப் பிறப்புரிமையை விற்றுவிட்டேன், எனக்கு நரகம்தான் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். வெள்ளையர் பார்த்துச் சிரித்த கோமாளி பாதிரியார் என்ற வார்ப்பு மேடை நாடகங்களிலிருந்து வந்தது. மிஷோ அதே வார்ப்பை எடுத்து, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைக் காட்டினார். கதவுக்கு வெளியே வந்த முகத்தை அதுவரை எந்தப் பெரிய கம்பெனியும் தேடிப் போனதில்லை.

எஃப்ரம் இதன் மறுபக்கம். வெள்ளையர் தன்னைத் தங்களில் ஒருவனாக நினைக்கிறார்கள் என்று நம்பி, அவர்கள் நடுவே போய் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். தேடும் ஆள் கிடைக்காத சலிப்பில் கும்பல் அவனைத் திரும்பிப் பார்க்கிறது. அவ்வளவுதான். ஜாஸ்பர் குடும்பத்துக்கு முன்பே அவன் சாகிறான். இ.ஜி. டேட்டம் இந்த வேடத்தைச் சிரிப்பு நடிகராகத் தொடங்கி, கடைசி சில ஷாட்களில் முகம் வெளிற நிற்கிறார்.

வெள்ளையர் பாத்திரங்கள்?

அவற்றிலும் தரப்படுத்தல் உண்டு. மிசஸ் வார்விக் நல்லவர், ஆனால் முடிவெடுக்கத் தயங்குபவர். தெற்கத்திப் பணக்காரி மிசஸ் ஸ்ட்ராட்டன் அவரிடம், பள்ளிக்கூடத்துக்குப் பணம் எதற்கு, ஓல்டு நெட்டுக்கு நூறு டாலர் கொடுங்கள், அவர்களை அடக்கி வைப்பதற்கு அதுவே போதும் என்கிறாள். இவள் பெண்களுக்கு ஓட்டுரிமையே கூடாது என்பவள். கொடுத்தால் கருப்பினப் பெண்களும் ஓட்டுப் போடுவார்களே என்பதுதான் பயம். படம் வந்தது ஜனவரி 1920. பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது அதே ஆண்டு ஆகஸ்டில். அன்று நடந்துகொண்டிருந்த சண்டையைத்தான் மிஷோ திரையில் வைத்தார்.

நிலக்கிழாரைச் சுட்டவனும் ஏழை வெள்ளையன் என்பதைக் கவனியுங்கள். கிர்டில்ஸ்டோன் அவனையும் மதிப்பதில்லை. இனத்தோடு நிலமும் கடனும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்பதைப் படம் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது.

தோல் நிறம் குறித்து மிஷோ மீது விமர்சனம் உண்டா?

உண்டு, நியாயமானதும்கூட. நாயகியும் நாயகனும் வெளிர் நிறத்தவர். சிரிப்புக்கும் இழிவுக்கும் உரிய எஃப்ரம் போன்ற வேடங்கள் கருமை கூடியவர்களுக்குப் போகின்றன. மிஷோவின் பல படங்களில் இந்தப் பழக்கம் தொடர்கிறது. இந்தப் படத்தில் சில்வியாவின் நிறத்துக்குக் கதையிலேயே காரணம் இருக்கிறது, அவள் தந்தை வெள்ளையர். ஆனால் அந்தக் காரணம் டாக்டர் விவியனுக்குப் பொருந்தாது. வெள்ளையர் வார்த்த அச்சை உடைத்தவர், தன் சமூகத்துக்குள் இருந்த நிற ஏணியைத் தொடாமல் விட்டார். படத்தைப் பாராட்டும் எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது.

ஈவ்லின் ப்ரீர் யார்?

சில்வியாவாக நடித்தவர். 1896இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கில் பிறந்தார். மிஷோவின் முதல் படத்திலேயே நடித்து, அவருடைய பல ஊமைப்படங்களில் நாயகியானார். லஃபாயெட் பிளேயர்ஸ் நாடகக் குழுவில் பெயர்பெற்றவர். 1932இல் இளம் வயதிலேயே இறந்தார். கையை உதறி, கண்ணை உருட்டும் நடிப்பு மலிந்த காலத்தில் அவர் முகத்தை அடக்கமாக வைத்து நடிப்பதைப் பார்க்கலாம். பாஸ்டனில் பணம் கிடைக்காமல் ஜன்னலருகே நிற்கும் ஷாட்கள் நல்ல எடுத்துக்காட்டு.

சிகாகோ தணிக்கையில் என்ன நடந்தது?

1919 கோடையில் அமெரிக்காவின் பல ஊர்களில் இனக் கலவரம். சிகாகோவில் ஜூலை 27 அன்று ஏரிக்கரையில் ஒரு கருப்பின இளைஞர் கொல்லப்பட்டதில் தொடங்கி 38 பேர் இறந்தார்கள். அவர்களில் 23 பேர் கருப்பினத்தவர். கருப்பினக் கல்வி நிறுவனமான டஸ்கீகியின் கணக்குப்படி அந்த ஒரே ஆண்டில் நாடு முழுதும் கும்பல் கொலைக்குப் பலியான கருப்பினத்தவர் 76 பேர்.

அது நடந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் படம் தணிக்கைக்குப் போனது. கலவரம் மறுபடி மூளும் என்று முதலில் மறுத்தார்கள். பிறகு பத்திரிகையாளர்களையும் ஊர்ப் பிரமுகர்களையும் வைத்து மறுபடி போட்டுப் பார்த்து அனுமதித்தார்கள். வெளியாகும் நாள்வரை எதிர்ப்பு ஓயவில்லை. எதிர்த்தவர்களில் வெள்ளையரோடு கருப்பினப் பாதிரிமாரும் இருந்தார்கள். ரணம் ஆறாத ஊரில் இதைக் காட்ட வேண்டுமா என்பது அவர்கள் கவலை. சுமார் 1,200 அடி வெட்டப்பட்டதாக அன்றைய செய்தி. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் (ஃபிரேம்கள்). ஆக 19,200 சட்டங்கள். நொடிக்கு 18 சட்டம் என்று ஓட்டினால் கிட்டத்தட்ட 18 நிமிடப் படம் போயிற்று.

ஊருக்கு ஊர் வெட்டு வேறுபட்டது. எங்கே எவ்வளவு வெட்டினார்களோ அந்தப் பிரதி அப்படியே அடுத்த ஊருக்குப் போகும். அதனால் ‘அசல் வடிவம்’ என்று ஒன்றைச் சுட்டுவது எளிதல்ல. வெட்டப்படாத பிரதி என்பதையே மிஷோ விளம்பரமாகப் பயன்படுத்திக் கூட்டம் சேர்த்ததும் உண்டு.

படம் எப்படித் தொலைந்தது, எப்படிக் கிடைத்தது?

மிஷோ போன்றவர்கள் ஒரு படத்துக்குச் சில பிரதிகள் மட்டுமே எடுப்பார்கள். அவை தேயும்வரை ஓடும். நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிந்துவிடும். பாதுகாத்து வைக்கக் கிடங்கு வசதியுள்ள ஸ்டூடியோ எதுவும் இவர்களுக்குப் பின்னால் இல்லை. அவருடைய ஊமைப்படங்களில் மிஞ்சியவை மூன்றே.

இந்தப் படத்தின் ஒரே ஒரு பிரதி ஸ்பெயினின் தேசியத் திரைப்படக் காப்பகத்தில் ‘லா நெக்ரா’ என்ற பெயரில் இருந்தது 1970களில் தெரியவந்தது. 1992இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். 1993இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் சீரமைத்து முடித்தது.

ஸ்பானியப் பிரதியில் ஆங்கில எழுத்து அட்டைகள் நான்கு மட்டுமே மிஞ்சியிருந்தன. மற்றவற்றை ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மறுபடி கொண்டுவந்தார்கள். மிஷோவின் நாவல் நடை எப்படியோ அப்படி அமையப் பார்த்துக்கொண்டார்கள். ஆகவே நாம் வாசிக்கும் வசனங்களில் பெரும்பகுதி இரண்டு முறை மொழி மாறியவை. ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மிஷோவின் கொள்கை இதுதான் என்று நிறுவப் பார்க்காதீர்கள். குறிப்பாக, சில்வியா முறையான திருமணத்தில் பிறந்தவள் என்ற அட்டையைக் கவனமாகக் கையாளுங்கள். தெற்கு மாநிலங்களில் வெள்ளையரும் கருப்பினத்தவரும் மணப்பதே அன்று சட்டவிரோதம். நாடு முழுதும் அத்தகைய தடை ஒழிந்தது 1967இல்தான். அந்த வரி மிஷோவுடையதா, ஸ்பெயினில் நுழைந்ததா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இருக்கிறது. காட்சிகளையும் படத்தொகுப்பையும் ஆதாரமாகக் கொண்டு பேசினால் பாதுகாப்பு.

திரையிட எந்தப் பிரதியைப் பயன்படுத்தலாம்?

படத்துக்கு இன்று பதிப்புரிமை இல்லை, யாரும் திரையிடலாம். காங்கிரஸ் நூலகத்தின் சீரமைப்பைத் தேடிப் பிடியுங்கள். நூலகமே இணையத்தில் வைத்திருக்கிறது. கினோ லோர்பர் என்ற படவெளியீட்டு நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஆரம்பகாலக் கருப்பினப் படங்களின் தொகுப்பிலும் இது உண்டு. ஊர்பேர் தெரியாதவர்கள் ஏற்றிய காணொளிகளில் இரண்டு கோளாறுகள் சகஜம்.

ஒன்று வேகம். நொடிக்கு 18 சட்டமாக ஓட வேண்டியதை 24ஆக ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும். எல்லோரும் பொம்மைபோல் துள்ளுவார்கள், தூக்குக் காட்சியில் அரங்கில் சிரிப்பு எழும். நல்ல பிரதி ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி இருக்கும், வெளியீட்டுக்கு வெளியீடு சில நிமிடம் மாறலாம். ஒரு மணி பத்து நிமிடத்துக்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது அளவு. அகலத்துக்கும் உயரத்துக்கும் நாலுக்கு மூன்று என்ற விகிதம்தான் சரி. புதிய தொலைக்காட்சிகள் தாமாகவே இழுத்து அகலமாக்கிவிடும். அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்துங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியும் இருந்தால் அணையுங்கள், பழைய ஃபிலிமில் அது முகங்களைக் குழப்பிவிடும்.

இசை எப்படி இருக்க வேண்டும்?

படம் முதலில் ஓடிய சிகாகோ வெண்டோம் தியேட்டரில் எர்ஸ்கின் டேட் தலைமையில் நேரடி வாத்தியக் குழு இருந்தது. பிற்காலத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்த குழு அது. கினோ பிரதியில் டிஜே ஸ்பூக்கியின் இசை வருகிறது. நீங்களே இசை அமைத்தால் துள்ளல் பியானோவைத் தவிர்த்துவிடுங்கள். எஃப்ரம், நெட் காட்சிகளைக் கேலிச் சித்திரமாக்கிவிடும். கும்பல் கொலைக்குப் பெரிதாக வாசிக்கத் தோன்றும். ஒற்றை வாத்தியமாகக் குறைப்பதே மேல். இசை ஓங்கினால் படத்தொகுப்பின் தாளம் அடிபடும்.

எழுத்து அட்டைகளைத் தமிழில் சொல்லலாமா?

தாராளமாக. திரைக்கருகே ஒருவர் நின்று வாசிப்பது நன்றாகப் பொருந்தும். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது சொற்கள். எட்டு நொடி நிற்கும் அட்டைக்குப் பதினைந்து சொற்கள்தான் இடம். முழுசாக மொழிபெயர்த்தால் வாசிப்பு அடுத்த ஷாட்டின் மேல் ஏறிவிடும், நெட் முகம் மாறும் கணம் போன்றவை கைநழுவும். ஒவ்வோர் அட்டையும் எத்தனை நொடி நிற்கிறது என்று முன்கூட்டியே குறித்து, அதற்குள் அடங்கும்படி சுருக்குங்கள். தெற்கத்திக் கருப்பினப் பாத்திரங்கள் சிலர் கொச்சையாகப் பேசுவதாக அட்டைகள் எழுதப்பட்டிருக்கும். அதற்காக நம் ஊர் ஏதோவொரு சாதியின், வட்டாரத்தின் பேச்சைப் பூசிவிடாதீர்கள். இகழ்ச்சி அங்கிருந்து இங்கே இடம் மாறிவிடும். எளிய பேச்சுத்தமிழ் போதும்.

சிறுவர்களுக்குக் காட்டலாமா?

பதினைந்து வயதுக்கு மேல், முன்னறிமுகத்தோடு காட்டலாம். கடைசி மூன்றில் ஒரு பங்கில் கும்பல் கொலையும் பலாத்கார முயற்சியும் அடுத்தடுத்து வருகின்றன. அதைத் தொடங்குமுன் சொல்லுங்கள். பயந்து அந்தப் பகுதியை வெட்டிக் காட்டுவது மட்டும் வேண்டாம். 1920இல் தணிக்கை செய்ததையே நாமும் செய்வதாகும்.

கடைசியில் விவியன் பேசும் தேசபக்திப் பேச்சு பொருந்தவில்லையே?

பலருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பெற்றோர் எரிக்கப்பட்ட கதையைக் கேட்டுவிட்டு வந்தவர், கியூபாவிலும் மெக்சிகோவின் காரிசாலிலும் பிரான்சிலும் நம்மவர் செய்த வீரத்தை எண்ணிப் பார், இந்த நாட்டை நேசி என்கிறார். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய கருப்பினச் சிப்பாய்கள் 1919இல் சொந்த ஊரில் தாக்கப்பட்டார்கள் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள். ரத்தம் சிந்திய நாட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு என்ற உரிமைக் குரல் அது. ஆனாலும் சில்வியாவின் துயரத்துக்கு ஒரு சொற்பொழிவைப் பதிலாக வைத்ததில் எழுத்து பலவீனமாகவே இருக்கிறது. ப்ரீரின் முகம் அந்தச் சொற்பொழிவோடு முழுதாக ஒத்துப்போகவில்லை.

அடுத்து எதைப் பார்க்கலாம்?

‘தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்’ (1920). மிஷோ கிளானை நேரடியாகவே திரையில் கொண்டுவருகிறார். இதன் பிரதி பெல்ஜியத்தில் கிடைத்தது, உச்சக் காட்சியில் ஒரு பகுதி இல்லை. பிறகு ‘பாடி அண்ட் சோல்’ (1925). பாடகர் பால் ராப்சனின் முதல் படம், போலிப் பாதிரியாராகவும் நல்ல தம்பியாகவும் இரட்டை வேடம். ஓல்டு நெட்டை முதலில் பார்த்துவிட்டு இதற்குப் போவது நல்லது, அந்தச் சில நிமிடக் காட்சியில் தொட்டதை மிஷோ இங்கே ஒரு முழுப் படமாக்கியிருக்கிறார்.